கணக்கை நீக்கிய பிறகே கைமாறட்டும்: வடசென்னையின் பழைய போன் வியாபாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

பர்மா பஜாரிலும், வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர், திருவொற்றியூர் கடைத்தெருக்களிலும் பயன்படுத்திய செல்பேசிகளை வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கும், அவற்றைப் பழுதுபார்க்கும் சர்வீஸ் கடைக்காரர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் கடைகளில் வாங்கிய பழைய போன்களை நம்பித்தான் எங்கள் தெருக்களில் பலருடைய பிழைப்பு நடக்கிறது. காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து விற்கும் பெண்களுக்குப் பணம் வந்து சேர்வதும், துறைமுகத்துக்கு லாரி ஓட்டுபவர்கள் வாடகை பேசுவதும், பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பத்துக்கு ஓடிபி வருவதும், சிலிண்டர் பதிவு செய்வதும் அந்த ஒரே போனில்தான். அப்படிப்பட்ட போன் ஒருநாள் திடீரென்று, இதற்கு முன் இந்தச் சாதனத்தில் இருந்த கணக்கைக் கொண்டு உள்நுழையவும் என்று கேட்டு நின்றுவிட்டால், வாங்கியவருக்கு அந்தக் கணக்கு யாருடையது என்பதே தெரியாது. காசு கொடுத்து வாங்கிய பொருள் கையில் இருந்தும் பயன்படாமல் போகிறது. எங்கள் பகுதி மகளிர் குழுவினருக்கு மாலை வேளைகளில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் வேலையில் இருக்கும் எனக்கு, இப்படிப் பூட்டிக்கொண்ட போன்களோடு வருபவர்களைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. அவர்களில் பெரும்பாலோர் போனை வாங்கியது உங்களைப் போன்ற கடைகளில்தான் என்பதால் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு போனை நீங்கள் வாங்கும்போது, விற்பவர் கடையை விட்டு இறங்குவதற்கு முன், அவர் கையாலேயே அதிலுள்ள கணக்குகளை நீக்கச் செய்யுங்கள். யாரிடம் வாங்கினீர்கள், யாருக்கு விற்றீர்கள் என்பதை, ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மற்றவையெல்லாம் இந்த இரண்டுக்கும் விளக்கம்தான்.

இந்தப் பூட்டின் மீது எனக்குப் பகை கிடையாது. ஓடும் ரயிலின் படியருகே நிற்பவரின் கையிலிருந்தும், பேருந்து நிறுத்தத்தில் பேசிக்கொண்டிருப்பவரின் காதோரத்திலிருந்தும் போனைப் பறித்துக்கொண்டு ஓடுவதை நம் பகுதியில் அறியாதவர் யார்? பறித்த போன் பயன்படாது என்றால் பறிப்பதில் லாபம் இல்லை என்ற எண்ணத்தில்தான், ஆப்பிள் நிறுவனம் 2013-இல் ஐஓஎஸ் 7 பதிப்போடு, உரிமையாளரின் கணக்கு இல்லாமல் போனைத் திறக்க விடாத ஆக்டிவேஷன் லாக்கைக் கொண்டுவந்தது; ஆண்ட்ராய்டில் 5.1 பதிப்போடு, 2015-இல், ஃபேக்டரி ரீசெட் புரொடெக்ஷன் என்பதைச் சுருக்கி நீங்கள் எஃப்ஆர்பி என்று சொல்லும் அதுபோன்ற பூட்டு வந்தது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், 2015 ஜூலைக்குப் பிறகு தயாராகி அங்கே விற்கப்படும் ஸ்மார்ட்போன்களில் இத்தகைய வசதி இருந்தாக வேண்டும் என்று சட்டமே போட்டார்கள். ஆகவே இந்தப் பூட்டு நம்மைப் போன்றவர்களின் போனைக் காப்பதற்காக வந்தது. முறையாகக் கைமாறிய போனிலும் அது விழுந்துவிடுவதுதான் துன்பம். அப்படி விழுவது கைமாறும் அந்தச் சில நிமிடங்களில் நடக்கும் கவனக்குறைவால்.

நீங்கள் அறிந்ததுதான் என்றாலும், இந்த மடலைப் படிக்கும் வாடிக்கையாளர்களுக்காக அதைச் சற்று விளக்குகிறேன். ஆண்ட்ராய்டு போனில் கூகுள் கணக்கு ஒன்றைச் சேர்த்து, திரைக்கு பின் நம்பரோ பேட்டர்னோ வைத்துவிட்டால் எஃப்ஆர்பி தானாகவே இயங்கத் தொடங்கிவிடும். போனுக்குள் சென்று, அந்த பின் நம்பரைக் கொடுத்து, அமைப்புகள் வழியாக முறையாக ரீசெட் செய்தால், அதாவது எல்லாவற்றையும் அழித்துப் புதிதுபோல் ஆக்கினால், செய்பவர் உரிமையாளர்தான் என்று போன் ஏற்றுக்கொள்ளும். ஆனால் பவர் பொத்தானையும் வால்யூம் பொத்தானையும் சேர்த்து அழுத்தி வெளியிலிருந்து ஃபார்மட் அடித்தால், படங்களும் செயலிகளும் அழியுமே தவிர, எந்தக் கணக்கு இருந்தது என்ற குறிப்பு அழியாது. அது தனியான இடத்தில் சேமிக்கப்பட்டிருக்கும். மறுபடி இணையத்தோடு இணைக்கும்போது பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும். சில போன்களில் பழைய பின் நம்பரைக் கொடுத்தாலும் ஏற்கும். சாம்சங், ஷாவ்மி போன்றவற்றில் நிறுவனத்தின் சொந்தக் கணக்கும் தனியாக ஒரு பூட்டைப் போடக்கூடும் என்பதால், கூகுள் கணக்கை மட்டும் நீக்கிவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது.

விற்க வருபவரின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது, வீட்டுச் செலவுக்காகப் போனை விற்க வருபவர் அவசரத்தில் வருகிறார். சிம்மைக் கழற்றிக்கொண்டு, பணத்தை எண்ணிக்கொண்டு, போய்விடுகிறார். கணக்கை நீக்க வேண்டும் என்பதே அவருக்குத் தெரியாது. அந்த இடத்தில் உங்கள் கடைப் பையன் பேட்டர்னை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளாமல், ‘அண்ணே, ஒரு அஞ்சு நிமிஷம் இருங்க, உங்க அக்கவுண்ட்டை எடுத்துட்டுப் போங்க’ என்று சொல்லியிருந்தால், மூன்று மாதம் கழித்து வேறொரு வீட்டில் நடக்கும் அழுகை நடந்தே இருக்காது. கணக்கை நீக்கி, அமைப்புகள் வழியாக ரீசெட் செய்து, வைஃபையில் இணைத்து, முகப்புத் திரை வரும்வரை ஓட்டிப் பார்த்துவிட்டால் அந்தப் போன் சுத்தம். ஐபோன் என்றால், விற்பவர் தன் ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறியிருக்க வேண்டும். அவருக்கே கடவுச்சொல் நினைவில் இல்லையென்றால், அதை மீட்டுக்கொண்டு வரும்வரை அந்தப் போனுக்கு முழுப் பணமும் கொடுக்காதீர்கள். இது விற்பவருக்கும் நல்லது. அவருடைய படங்களும், தொடர்பு எண்களும், பணம் செலுத்தும் செயலிகளும் இன்னொருவர் கைக்குப் போகாமல் இருக்கும்.

அடுத்து, நோட்டு. பூட்டைப் போட்ட நிறுவனத்துக்கு வாங்கியவர் யார் என்று தெரியாது. வாங்கியவருக்கு முந்தைய உரிமையாளர் யார் என்று தெரியாது. இருவரையும் நேரில் பார்த்தவர் உங்கள் கடைக் கல்லாவில் இருப்பவர் ஒருவர்தான். ஆப்பிள் நிறுவனத்திடம் பூட்டை நீக்கித் தரும்படி விண்ணப்பித்தால், முதன்முதலில் வாங்கியபோது கொடுத்த ரசீதைக் கேட்பார்கள். மூன்றாவது கையாக வாங்கியவர் அதற்கு எங்கே போவார்? கூகுளோ, கணக்குக்குரியவர் மட்டுமே திறக்க முடியும் என்பதோடு நிறுத்திக்கொள்ளும். ஆகவே முந்தைய உரிமையாளரைக் கண்டுபிடிப்பது ஒன்றே நேர்மையான வழி. அவருடைய பெயரும் எண்ணும் உங்களிடம் இல்லையென்றால் அந்த வழியும் அடைபட்டுவிடும். பழைய மோட்டார் சைக்கிள் வாங்கும் எவரும் ஆர்சி புத்தகம் இல்லாமல் வாங்குவதில்லை. அதே வண்டியின் விலையில் பாதி கொடுத்து வாங்கும் போனுக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லாமல் இருப்பது நியாயமா?

பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களின் வாழ்வாதாரத்துக்காக 1969-இல் உருவான பர்மா பஜார், பில் இல்லாமலும் சொல்லை நம்பிப் பொருள் வாங்கிய ஒரு தலைமுறையைப் பார்த்திருக்கிறது. என் வீட்டிலும் அப்படி வாங்கிய டேப் ரெக்கார்டர் ஒன்று வெகுகாலம் பாடியது. ஆனால் டேப் ரெக்கார்டருக்குள் பழைய உரிமையாளரின் கணக்கு எதுவும் இருக்கவில்லை. இன்று நீங்கள் விற்கும் பொருள் தன் பழைய உரிமையாளரை மறப்பதில்லை. ஆகவே நீங்களும் அவரை மறக்காமல் குறித்து வைக்க வேண்டியிருக்கிறது.

நோட்டில் பெரிதாக எதுவும் வேண்டாம். தேதி, போனின் மாடல், *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண், விற்றவரின் பெயர், கையெழுத்து, அவரைப் பிடிக்க இரண்டு தொலைபேசி எண்கள். ஏன் இரண்டு என்றால், 90 நாள் தொடர்ந்து பயன்படுத்தாத ப்ரீபெய்ட் எண் முடக்கப்படலாம்; முடக்கப்பட்ட எண் குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்கு ஒதுக்கப்படவும் கூடும். சிம்மை அடிக்கடி மாற்றும் நம் ஊரில் ஒரு எண்ணை மட்டும் நம்ப முடியாது. அடையாளத்துக்காக ஆதார் நகலை வாங்கி மேசை இழுப்பறையில் அடுக்கி வைப்பதை நான் ஏற்கமாட்டேன். கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரே போதும், அதையும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

போனை எடுப்பதற்கு முன் அதன் ஐஎம்இஐ எண்ணைச் சரிபார்ப்பதும் உங்களுக்கே பாதுகாப்பு. 2023 மே மாதம் நாடு முழுவதற்கும் வந்த, மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் சஞ்சார் சாத்தி இணையதளத்திலோ, கேஒய்எம் என்று ஆங்கிலத்தில் அடித்து ஓர் இடைவெளி விட்டு ஐஎம்இஐ எண்ணை இட்டு 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பியோ பார்க்கலாம்; தொலைந்துபோனதாகப் பதிவு செய்து முடக்கிய போனா என்பது தெரிந்துவிடும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்ப இடமிருந்தோ வாங்குவதை, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆவது பிரிவு குற்றமாக்குகிறது. அதற்கு மூன்று ஆண்டுகள் வரை சிறை. காவல் நிலையத்தில் ஒருநாள் கேள்வி எழுந்தால், இந்த நோட்டுதான் உங்கள் பக்கம் பேசும்.

இனி, நான் மிகவும் வருந்தும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பூட்டிக்கொள்ளும் போன்களில் எல்லாமே முந்தைய உரிமையாளரின் கணக்கால் பூட்டிக்கொள்வதில்லை. வாங்கியவரின் சொந்தக் கணக்கே பூட்டாகிவிடும் போன்களும் இருக்கின்றன. அதற்குக் காரணம், அந்தக் கணக்கைத் திறந்து கொடுத்தது கடை.

எங்கள் தெருவில் மீன் விற்கும் அக்கா ஒருவர் போனை எடுத்துக்கொண்டு வந்தார். போன் மந்தமாகிவிட்டது என்று உறவுக்காரப் பையன் வெளியிலிருந்து ஃபார்மட் அடித்துவிட்டான். திரையில் கணக்கைக் கேட்டு நின்றது. உங்கள் ஜிமெயில் ஐடி என்ன என்று கேட்டேன். ‘அது கடையிலயே போட்டுக் கொடுத்துட்டாங்கப்பா’ என்றார். எந்தக் கடை என்று தெரியும், ஐடி தெரியாது. தொலைபேசி எண்ணைக் கொண்டு மின்னஞ்சல் முகவரியைக் கண்டுபிடிக்கும் வசதி கூகுளில் இருக்கிறது. ஆனால் அதற்கு, கணக்கைத் திறந்தபோது கொடுத்த பெயரையும் சரியாகச் சொல்ல வேண்டும். அவர் பெயரை எத்தனை விதமாக ஆங்கிலத்தில் அடித்துப் பார்த்தும் பொருந்தவில்லை. கடைசியில் அவருடைய பழைய மஞ்சள் பையைத் துழாவியபோது, போன் வந்த அட்டைப் பெட்டியின் உட்புறத்தில் பால்பாயின்ட் பேனாவால் எழுதிய மின்னஞ்சல் முகவரி ஒன்று கிடைத்தது. போனின் மாடல் பெயரும் அதைத் தொடர்ந்து சில எண்களும் கொண்ட முகவரி அது. எழுதி வைத்த அந்தப் பையன் வாழ்க! கடவுச்சொல்லை அவன் எழுதவில்லை. ஆனால் மீட்பு எண்ணாக அக்காவின் எண்ணையே கொடுத்திருந்ததால், அதற்கு ஓடிபி வந்து, கணக்கு திரும்பக் கிடைத்தது. கடவுச்சொல்லை மாற்றிய பின் உடனே ரீசெட் செய்ய வேண்டாம், 24 மணி நேரம் பொறுங்கள் என்று கூகுள் சொல்வதால் ஒரு நாள் காத்திருந்து, மறுநாள் திறந்தோம்.

எல்லாருக்கும் இப்படி வாய்ப்பதில்லை. பல கடைகளில் மீட்பு எண்ணாகக் கடையின் எண்ணையே போட்டுவிடுகிறார்கள், அல்லது எதுவும் போடாமல் தாண்டிவிடுகிறார்கள். பெயர் என்ற இடத்தில் கை போன போக்கில் நான்கு எழுத்துகள். பிறந்த தேதி எதுவோ ஒன்று. உங்கள் பணியாளருக்கு அது அரை நிமிட வேலை. வாங்கிச் செல்பவருக்கோ அது அவருடைய படங்கள், தொடர்பு எண்கள், வாட்ஸ்அப் பேக்கப் எல்லாவற்றுக்கும் பெயர் போடும் இடம். கடை வரிசையில் கூட்டம் நிற்கிறது என்பதை நான் அறிவேன். அப்படியானாலும், கணக்கை வாடிக்கையாளரின் உண்மைப் பெயரில், அவருடைய எண்ணையும் வீட்டிலுள்ள இன்னொருவரின் மின்னஞ்சலையும் மீட்புக்குக் கொடுத்துத் திறந்து, ஐடியைப் பெட்டியிலோ பில்லின் பின்புறத்திலோ எழுதிக் கொடுங்கள். கடவுச்சொல்லை வாடிக்கையாளரே அடிக்கட்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் அவர் பிள்ளையை அழைத்துவரச் சொல்லுங்கள். ஏற்கெனவே கணக்கு வைத்திருப்பவருக்கு ஒருபோதும் புதிதாக ஒன்றைத் திறந்து கொடுக்காதீர்கள். இரண்டு ஆண்டுகள் தொடாமல் விட்ட கணக்குகளை நீக்கும் முறையை கூகுள் 2023 டிசம்பரில் தொடங்கிவிட்டது. புதுக் கணக்குக்கு மாறியவர்களின் பழைய படங்கள் பழைய கணக்கோடு போய்விடும்.

எஃப்ஆர்பி எடுத்துத் தருகிறோம் என்ற பலகையைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சில நூறு ரூபாய்க்குப் பூட்டை உடைத்துத் தருவது பலருக்கு உதவியாகவே படுகிறது. அவசரத்தில் இருப்பவருக்கு அது தெய்வம் வந்து கதவைத் திறந்ததுபோல் இருக்கும் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் உடைத்துத் திறந்த பூட்டு அடுத்த ரீசெட்டிலோ மென்பொருள் புதுப்பிப்பிலோ மறுபடி விழுந்துவிடக்கூடும். ஆண்ட்ராய்டு 15-இலிருந்து இத்தகைய குறுக்குவழிகளை இன்னும் இறுக்கி அடைத்திருக்கிறார்கள். எங்கிருந்தோ இறக்கிய மென்பொருளைப் போட்டுத் திறந்த போனில் வங்கிச் செயலியை வைப்பது எவ்வளவு ஆபத்து என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, யார் கொண்டுவந்தாலும் கேள்வி கேட்காமல் உடைத்துத் தரும் கடை ஒரு தெருவில் இருந்தால், அந்தத் தெருவில் போன் பறிப்பவனுக்கு அதுவே ஊக்கம். ஐஎம்இஐ எண்ணையே மாற்றித் தருவது வெறும் தவறோடு நிற்கும் காரியமும் கிடையாது. 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் அதற்கு மூன்று ஆண்டுகள் வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று விதித்திருக்கிறது.

பூட்டிய போனோடு ஒருவர் உங்களிடம் வந்தால் உடைக்காமலே செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. உங்கள் கடையில் வாங்கியதென்றால் நோட்டைப் புரட்டி, விற்றவரை அழையுங்கள். ஐபோன் என்றால், அவர் எங்கிருந்தாலும் தன் ஐகிளவுடில் நுழைந்து அந்தச் சாதனத்தைத் தன் கணக்கிலிருந்து நீக்கிவிடலாம். போன் அவர் கைக்குப் போக வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டு என்றால், அவர் கடைக்கு வந்து தன் கடவுச்சொல்லைத் தானே அடித்து, பிறகு கணக்கை நீக்குவதே சரியான முறை. போனில் அழைத்து, கடவுச்சொல்லையும் ஓடிபியையும் சொல்லுங்கள் என்று கேட்கவே கூடாது. நல்ல எண்ணத்தோடு கேட்டாலும், ஓடிபி கேட்டால் சொல்லலாம் என்ற பழக்கத்தை நாம் வளர்த்தவர்கள் ஆவோம். வாங்கியவரின் சொந்தக் கணக்கே மறந்துபோனதென்றால், அவர் முன்பு அதே கணக்கைப் பயன்படுத்திய வேறு போனிலிருந்தோ, வழக்கமாக இணையம் பயன்படுத்தும் அவர் வீட்டிலிருந்தோ மீட்கப் பார்க்கும்படி சொல்லுங்கள். அறிமுகமான சாதனமும் இடமும் இருந்தால் கூகுள் எளிதில் நம்பும். பழைய கடவுச்சொல் அரைகுறையாக நினைவிருந்தாலும் அதைக் கொடுத்துப் பார்க்கலாம். சிம் தொலைந்திருந்தால், முதலில் அதே எண்ணுக்கு மாற்று சிம் வாங்கிவிட்டு வரச் சொல்லுங்கள். இணையத்தில் தேடிக் கிடைக்கும் கஸ்டமர் கேர் எண்களை அழைக்க வேண்டாம் என்பதையும் எச்சரியுங்கள். அதில் பணம் பறிகொடுத்தவர்கள் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்ய வேண்டும்.

இவற்றில் எதுவும் பலிக்கவில்லையென்றால், போனைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுங்கள். விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்று பில்லில் அச்சடித்திருப்பதால் பொறுப்பு தீர்ந்துவிடாது. வேறொருவரின் கணக்கால் பூட்டிக்கொள்ளும் போனை விற்பது குறைபாடுள்ள பொருளை விற்பதுதான். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி வடசென்னைக்கென்றே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 1915 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. பிழைப்பைப் போட்டுவிட்டு அங்கே அலைய எங்கள் மக்களுக்கு நேரம் இல்லை, உங்களுக்கும் இருக்காது. கடை வாசலிலேயே தீர்த்துக்கொள்ளத்தான் எல்லாரும் விரும்புகிறோம்.

போன் நிறுவனங்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு என்று நீங்கள் சொல்வீர்கள், சரிதான். முறையாகக் கைமாறியதைப் பதிவு செய்ய எளிய தமிழில் ஒரு வழியை அவர்கள் வைத்திருக்க வேண்டும். அதை அவர்களிடமும் கேட்போம். அதுவரை இந்த வேலையைச் செய்யக்கூடியவர்கள் நீங்கள்தான்.

நோட்டில் ஒட்டுவதற்கான மாதிரிப் பக்கம் ஒன்றையும், விற்பவரும் வாங்குபவரும் படித்துக் கையெழுத்திடக்கூடிய அரைப் பக்கச் சீட்டு ஒன்றையும் எங்கள் குழுவினர் தமிழில் தயாரித்து வைத்திருக்கிறோம். கேட்கும் கடைகளுக்கு நகலெடுத்து இலவசமாகக் கொண்டுவந்து தருகிறோம். சங்கமாகக் கூடிப் பேச விரும்பினால், வெள்ளிக்கிழமை நீங்கலாக எந்த நாள் மாலையிலும், கடை அடைத்த பிறகு எத்தனை மணியானாலும் வருகிறோம். வரும் தடைக்காலம் தொடங்குவதற்குள் பாதிக் கடைகளிலாவது இந்த நோட்டு இருக்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம். உங்கள் பதிலை எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் கடைகளின் நெடுநாள் வாடிக்கையாளர்,
காசிமேடு, சென்னை